போதை சிகிச்சையில் இருக்கும்போதே களவு: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மிளகுக்கொடி:
எங்களுக்குக் கொடைக்கானல் மலைல தாண்டிக்குடிப் பக்கம். சித்தப்பா மகன் கஞ்சாவுல விழுந்து, கீழ ஒரு போதை மறுவாழ்வு மையத்துல இருந்துட்டு ஆள் தேறி வந்தான். மாசாமாசம் டாக்டரையும் பார்த்துட்டு வந்தான். நல்லா சாப்பிட்டான், தூங்கினான். அந்த மாசிலதான் களத்துல காயப்போட்டிருந்த மிளகு மூட்டை காணாமப் போச்சு. "திரும்ப ஆரம்பிச்சுட்டான்"னு ஊரே முடிவு கட்டிருச்சு. மையத்துல சிறுநீர் சோதனை பண்ணாங்க, சுத்தமா இருக்கு.

அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. பொட்டலம் வித்தவன்கிட்ட பழைய பாக்கி. "காசு இல்லேன்னா பண்ணைக்காட்டுல ஒரு பொட்டலம் குடுத்துட்டு வா"ன்னு அவன் நெருக்க, அதுக்குப் பயந்து மிளகுல கை வச்சிருக்கான். நிறுத்தினவனை விடாதது போதை இல்ல, பாக்கி. மூட்டையை எடுத்த வியாபாரி இருக்காரே, "ஈரம் இருக்கு"ன்னு பாதி விலைக்கு வாங்கினார். யாரு தோட்டம்னு ஒரு வார்த்தை கேக்கல. எனக்குக் கோபமெல்லாம் அவர் மேலதான்.

கோத்தகிரி சிஸ்டர்:
மையத்துக்கு உள்ளேயும் களவு நடக்கும். குடிக்கு வந்தவங்களுக்கு நடுக்கம், வலிப்பு வராம இருக்க முதல் நாட்கள்ல டயஸிபாம் குடுப்போம். சிலர் தண்ணியை மடக்னு குடிச்சுட்டு மாத்திரையைக் கன்னத்துல ஒதுக்கிக்குவாங்க. பக்கத்துக் கட்டில்ல அதுக்கு பீடி கிடைக்கும். "வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க"ன்னு பார்த்துட்டுத்தான் நகருவோம். ஹெராயின் மாதிரி பழக்கத்துக்குக் குடுக்கற ப்யூப்ரினார்ஃபின் மாத்திரைன்னா நாக்குக்கு அடியில கரையற வரைக்கும் எதிர்ல உக்காரணும்.

பிடிபட்டவுடனே வெளியேத்தறது எனக்குப் பிடிக்காது. நேரா பழைய இடத்துக்குத்தான் போவாங்க. ஹெராயின் மாதிரி சரக்குன்னா, நிறுத்தியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. மூச்சே நின்னுடும்.

வக்கீல் குமாஸ்தா:
1985 போதைப்பொருள் சட்டத்துல 64ஏ பிரிவு இருக்கு. சிறு அளவு (கஞ்சாவுக்கு 1 கிலோ வரை) வழக்குல மாட்டின போதை அடிமை தானா முன்வந்து அரசு நடத்தற, இல்ல அங்கீகரிச்ச இடத்துல சிகிச்சை எடுத்தா அந்த வழக்குலேருந்து விலக்கு. முழுசா முடிக்காம ஓடினா விலக்கு போயிடலாம். மிளகு மூட்டைக்கு இது உதவாது, திருட்டு தனி வழக்கு. ஆனா களவுன்னு தெரிஞ்சு வாங்கினவர் மேலயும் வழக்கு போடலாம்.

மிளகுக்கொடி:
இது தெரியாமப் போச்சே! சித்தப்பா காபி வித்த காசுல பாக்கியை அடைச்சுட்டு, கேஸே வேணாம்னுட்டார். வியாபாரி மேல மட்டும் புகார் குடுக்க முடியுமா? தம்பி பேரு வராம?

வக்கீல் குமாஸ்தா:
வராம இருக்காது. மூட்டை எப்படி அவர்கிட்ட போச்சுன்னுதான் முதல்ல கேப்பாங்க. தம்பியையும் கூட்டிட்டுப் போய் ஒரு வக்கீலைப் பார்த்துட்டு அப்புறமா ஸ்டேஷனுக்குப் போங்க.