செம்பு வினையூக்கியில் மெத்தனால் வரவே மாட்டேன் என்கிறது

கோத்தகிரி மூடுபனி:
ஊட்டியில் முதுகலை வேதியியல் படிக்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலை ஃபேக்டரி, விறகுப் புகை நாள் முழுக்கப் போகும், அதைப் பார்த்துத்தான் புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெத்தனால் ஆக்கும் இந்த ப்ராஜெக்ட் எடுத்தேன். செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா சேர்த்த கறுப்புப் பொடியை ஹைட்ரஜனில் ஒடுக்கி (செம்போடு சேர்ந்த ஆக்சிஜனை நீக்கி), 250 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் விட்டால் கார்பன் மோனாக்சைடுதான் வருகிறது. பொடி சரியில்லையா?

குன்னூர் மிளகு:
பொடியைத் திட்டாதீர்கள், அழுத்தம் போதவில்லை. நான்கு மூலக்கூறு இரண்டாகிற வினை, அமுக்கினால்தான் மெத்தனால் பக்கம் சாயும். ஆலைகளில் 50 முதல் 100 பார் அழுத்தம், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் அத்தனை மடங்கு. நீங்கள் இருப்பதோ குக்கர் இல்லாமல் பருப்பு வேகாத ஊரில்!

கோத்தகிரி மூடுபனி:
லேபில் அவ்வளவு தாங்கும் குழாய் இல்லையே. 400 டிகிரிக்கு ஏற்றவா?

கொடைக்கானல் பேரிக்காய்:
வேண்டாம்மா. மெத்தனால் வெப்பம் உமிழும் வினை, சூடு ஏற ஏற மோனாக்சைடுதான் கூடும். செம்பு 1085 டிகிரியில்தான் உருகும் என்றாலும் நுண்துகளாக இருக்கும்போது 300-ஐத் தாண்டினாலே ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிடும், நான் இரண்டு மாத வேலையை அப்படித்தான் தொலைத்தேன். பேசாமல் அலுமினா மேல் நிக்கலுக்கு மாறுங்கள். செம்பு மோனாக்சைடைச் சீக்கிரம் விட்டுவிடும், நிக்கல் இறுக்கிப் பிடித்து மீத்தேன் ஆக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் சபாத்தியே 1902-இல் செய்தது, சாதாரண அழுத்தமே போதும்.

குன்னூர் மிளகு:
ஆமாம், ஆனால் ஃபேக்டரிப் புகையை அப்படியே குழாய்க்குள் விடாதீர்கள், கந்தகம் பட்டால் நிக்கல் செத்துவிடும். நிறுத்தும்போது முதலில் நைட்ரஜன் ஓடட்டும், அப்புறம் ஆறட்டும். மோனாக்சைடோடு ஆறினால் நிக்கல் கார்போனைல் உண்டாகலாம், கொடிய விஷம்.