தாமிரபரணிக் கரைச் சீரமைப்பு: பறவைகள், நீர்நாய்க்கு வரும் பாதிப்பை முன்கூட்டியே எப்படிப் பார்ப்பது?

பொருநைக்காரன்:
வணக்கம். சேரன்மகாதேவிக்குக் கீழே கொஞ்ச தூரம் ஆற்றைச் சீரமைக்க ஊர் இளைஞர்கள் சேர்ந்து திட்டம் போட்டிருக்கிறோம். அமலைச் செடியையும் (ஆகாயத்தாமரை) சீமைக் கருவேலத்தையும் எடுத்துவிட்டு, கரையைச் சரிவாக்கி மருதம் வைப்பதாக எண்ணம். ஏப்ரல், மேயில் தண்ணீர் குறைவு, அப்போது ஜேசிபி இறக்கினால் செலவு மிச்சம் என்கிறார்கள். ஆனால் இங்கே நீர்நாய் இருக்கிறது, பறவைகளும் நிறைய. எதை, எப்படிக் கணக்கெடுக்க வேண்டும்?

மருதநிழல்:
முதலில் அந்த ஏப்ரல், மேயை விடுங்கள். உங்களுக்கு வசதியான அதே மாதங்களில்தான் ஆள்காட்டி மணல் திட்டில் வெறும் தரையில் முட்டையிடும். கூழாங்கல்லோடு கலந்து கிடக்கும், காலடியில் வந்தால்கூடத் தெரியாது. பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் செங்குத்தான மண் கரையில் வளை தோண்டும், கரை முழுவதையும் சரிவாக்கினால் அடுத்த வருஷம் அவற்றுக்கு இடமே கிடையாது. இந்தக் கோடையில் பார்க்க மட்டும் செய்யுங்கள். மாதம் ஒருமுறை விடிந்ததும் ஒரே பாதையில் நடந்து, என்ன பறவை, எத்தனை, எங்கே வளை என்று குறியுங்கள். வேலை நடக்காத ஒரு பகுதியிலும் இதையே செய்ய வேண்டும், இல்லையென்றால் பின்னால் எண்ணிக்கை குறையும்போது அது மழையாலா உங்கள் வேலையாலா என்று சொல்ல முடியாது.

சேற்றுக்கால்:
நீர்நாய் கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பாறை மேலும் திட்டிலும் எச்சத்தைத் தேடுங்கள்: மீன் செதிலும் முள்ளுமாக இருக்கும், நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். கூட்டமாக ஒரே இடத்தில் போடும், அந்த இடங்களை வரைபடத்தில் ஏற்றுங்கள். வளை பெரும்பாலும் மர வேருக்கு அடியிலோ நாணல் புதரிலோ இருக்கும். மழைக்காலத்தை ஒட்டிக் குட்டி போடும் என்பதால் ஜனவரி, பிப்ரவரியிலும் வளைப்பக்கம் இயந்திரம் போகக் கூடாது. வனத்துறையிடம் இப்போதே பேசுங்கள், நீர்வளத் துறை அனுமதி மட்டும் போதாது.

பொருநைக்காரன்:
அப்போ எந்த மாதத்தில்தான் வேலை பார்ப்பது?

மருதநிழல்:
முழு நீளத்துக்கும் பொருந்துகிற மாதம் கிடைக்காது. அதனால் துண்டு துண்டாகப் பிரியுங்கள், ஒரு வருஷம் ஒரு கரை மட்டும். வளை இருக்கிற செங்குத்துக் கரையைத் தொடவே வேண்டாம். அமலையைக் கையால் எடுங்கள், அதற்கு முன் தாழைக்கோழிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். கருவேலத்தில் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டியிருந்தால், நட்ட மருதம் வளர்ந்து கிளை விடும் வரை அந்த மரங்கள் நிற்கட்டும்.