குடும்ப ஆலோசனை குறித்து வழிகாட்டுதல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். என் அக்கா மகனுக்கு 15 வயது. மூன்று மாதங்களாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, வாசலில் வைக்கும் சாப்பாட்டுத் தட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறான். இலாப நோக்கற்ற ஓர் அமைப்பை அணுகியபோது, வீட்டார் அனைவரும் சேர்ந்தே வர வேண்டும் என்றார்கள். பிள்ளையின் நடத்தையைக் குடும்ப உறவுகளோடு சேர்த்துப் பார்க்கும் இம்முறையை 1960களிலேயே சால்வடார் மினுச்சின் போன்ற மருத்துவர்கள் வளர்த்தெடுத்தார்கள் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை உண்டு, அத்தானோ, "அவனுக்குத்தானே பிரச்சினை, நான் எதற்கு?" என்று மறுக்கிறார். இப்படித் தயங்கும் தகப்பனாரை முதல் அமர்வுக்கு எப்படி அழைத்துச் சென்றீர்கள்? பையன் ஆலோசகரிடம் தனியே சொல்வதில் எவ்வளவு பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும், வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைப்பார்களா என்பவற்றையும் அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அக்கா தினமும் அந்தக் கதவருகிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.