ஜாக்கியில் தூக்கினால் ஒளிந்துகொள்ளும் சத்தம்: லிங்க் ராடு மாற்றிய அனுபவம்

காரின் முன்பக்க இடது வீல் பக்கமிருந்து "டொக் டொக்" என்று ஒரு சத்தம். வேகமாகப் போனால் கேட்காது. குண்டும் குழியுமான ரோட்டில் 10, 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால், கால் வைக்கும் இடத்துக்கு அடியில் யாரோ சுத்தியலால் தட்டுவது போல இருக்கும். வேகத்தடையில் நேராக ஏறி இறங்கினால் சத்தமில்லை. ஒரு வீல் மட்டும் மேட்டில் ஏறினால் உடனே வந்துவிடும். இந்த வித்தியாசத்தைக் கவனித்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்றுதான் அப்போது புரியவில்லை.

வண்டியை இடது பக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கி, வீலைக் கழற்றி, லிங்க் ராடை (ஸ்டெபிலைசர் பாரின் முனையை வீல் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி, இரண்டு முனையிலும் பந்து மூட்டு) பிடித்து ஆட்டினேன். கல் மாதிரி நின்றது. ரப்பர் உறையும் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. லிங்கில் கோளாறு இல்லை என்று முடிவுகட்டி ஸ்ட்ரட் மவுண்டை (ஷாக் அப்சார்பர் தொகுதியின் மேல்முனையை வண்டியோடு பிடிக்கும் பாகம்) மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது.

தப்பு எங்கே என்று பிறகு யோசித்தபோதுதான் பிடிபட்டது. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் அந்த வீல் தொங்கும், எதிர்ப்பக்க வீல் தரையில் இருக்கும். இரண்டுக்கும் குறுக்கே போகும் ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பி) முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு முழுவதும் லிங்கின் பந்து மூட்டுகளில் வந்து உட்காரும். எவ்வளவு தேய்ந்த மூட்டாக இருந்தாலும் அப்படி இறுகி நிற்கும்போது ஆட்டம் கைக்குத் தெரியாது. வேகத்தடைக் கணக்கும் இதுதான். இரண்டு வீலும் சேர்ந்து ஏறினால் பார் தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் புரண்டு கொடுக்கும், லிங்குக்கு அதிக வேலை இல்லை. ஒரு வீல் மட்டும் ஏறினால் பாரை முறுக்கும் வேலை லிங்க் தலையில் விழும்.

அடுத்த முறை முன்பக்கம் முழுவதையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். மேல் மூட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு லிங்கை ஆட்டியதும் "டிக்" என்று விரலிலேயே தட்டியது. உறையை அழுத்திப் பார்த்தேன். மடிப்புக்குள் மறைந்திருந்த கீறல் வழியாகத் துரு கலந்த தண்ணீர் கசிந்தது. உள்ளே கிரீஸ் என்று சொல்ல எதுவுமில்லை.

கழற்றுவதுதான் பெரும்பாடு. நட்டைத் திருப்பினால் உள்ளே பந்தும் சேர்ந்து சுற்றும். அதைப் பிடித்து நிறுத்த போல்ட் முனையில் ஆலன் கீக்கு ஒரு குழி இருக்கும். அந்தக் குழியில் இறுகியிருந்த மண்ணை ஊசியால் கிளறி எடுத்து, கீயை அடிவரை தட்டி உட்கார வைத்த பிறகே ஸ்பேனர் போட வேண்டும். நான் அவசரப்பட்டேன். கீ அரைகுறையாக உட்கார்ந்து, குழியின் மூலைகள் மழுங்கிவிட்டன. கிரைண்டரால் நட்டை அறுக்க வேண்டியதாயிற்று. பக்கத்திலேயே பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் போவதால் ஈரத்துணியைச் சுற்றி மறைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தேன். வலது பக்கம் முதல் நாளே மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்தேன். அது பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.

பழையதையும் புதியதையும் கையில் வைத்துப் பாருங்கள். புதிய லிங்கின் போல்ட்டைச் சாய்க்கக் கட்டைவிரலுக்கு நல்ல பலம் வேண்டும். என் பழையது தன் எடையிலேயே தொங்கி விழுந்தது. சத்தம் ஒரு பக்கம்தான் என்றாலும் இரண்டையும் மாற்றினேன். ஒரே அளவு ஓடியவை. புது நட்டுதான் போட்டேன், வண்டியின் கையேட்டில் சொன்ன டார்க்குக்கு (இறுக்க அளவுக்கு) முடுக்கினேன். முடித்ததும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, ஹோஸ் எதிலும் உரசவில்லை என்று பார்த்தேன். சத்தம் முழுவதும் போய்விட்டது.

பதில் 1:
அண்ணா, என் வண்டியில் பின்பக்க லிங்கில் பந்து மூட்டு கிடையாது, ரப்பர் புஷ். வீல் தொங்கிக்கொண்டிருக்கும்போதே நட்டை முழுசாக முடுக்கிவிட்டேன். வண்டியை இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து, சில மாதத்தில் கிழிந்துவிட்டது. இப்போதெல்லாம் கையால் முடுக்கி வைத்துவிட்டு, வண்டி தன் வீலில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. பந்து மூட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பதில் 2:
லிங்கை மாற்றியும் சத்தம் போகாதவர்கள், பாரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரண்டு புஷ்ஷையும் பாருங்கள். எனக்கு அதுதான் வில்லங்கம். பாரைப் பிடித்து ஆட்டினால் புஷ்ஷுக்குள் இடைவெளி கண்ணுக்கே தெரிந்தது. அந்த ரப்பரில் சாதாரண கிரீஸ் தடவாதீர்கள், ஊதிக்கொள்ளும். சிலிகான் கிரீஸ்தான் சரி. வண்டி கழுவும்போது பிரஷர் தண்ணீரை லிங்க் உறைக்கு நேராக அடிக்காமல் இருப்பதும் நல்லது. ஒரு கேள்வி: லிங்க் மாற்றினால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டுமா?

பதில் 3 (பதிவிட்டவர்):
லிங்குக்காகத் தேவையில்லை, வீலின் கோணத்தை அது தீர்மானிப்பதில்லை. நான் பார்த்தேன், ஆனால் அது ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டியதற்காக. முதல் பதிலில் தம்பி சொன்ன ரப்பர் புஷ் லிங்க் விஷயத்தை லிங்க் வாங்கும் முன்பே எல்லோரும் கவனியுங்கள். ஒரே வண்டியில் முன்பக்கம் ஒரு வகை, பின்பக்கம் வேறு வகை இருக்கலாம். சில வண்டிகளில் இடது, வலது லிங்குகளே வேறு வேறு.