பிளான்ச் வேடம் கிடைத்திருக்கிறது: விவியன் லீயை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

சுகி, வெள்ளவத்தை

வணக்கம். எங்கள் நாடகக் குழு 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தைத் தமிழில் மேடையேற்ற ஆயத்தமாகிறது. கதையைக் கொழும்புக்கு மாற்றியிருக்கிறோம். தங்கச்சி கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அனெக்ஸில் கணவனோடு குடியிருக்கிறாள். யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் கைவிட்டுப் போன பிறகு அக்கா ஒரு சூட்கேசோடு வந்து வாசலில் நிற்கிறாள். அந்த அக்கா, அதாவது பிளான்ச், நான்தான்.

எனக்கு மூன்று கவலை. நான் மட்டக்களப்புப் பிள்ளை, பழைய யாழ்ப்பாணக் குடும்பத்துப் பேச்சு வாயில் நிற்கவில்லை. குரலும் சின்னது. நெறியாளர் கடைசி வரிசையில் போய் இருந்துகொண்டு, கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டுகிறார். மூன்றாவது, ஆங்கில நடிகை விவியன் லீ இதே பிளான்சாக நடித்த படத்தை இப்போதே பார்ப்பதா, மேடையேற்றம் முடியும்வரை பார்க்காமல் இருப்பதா?

இன்னொன்றும் உண்டு. அம்மம்மா இந்த வேடத்தை விடச் சொல்லி நிற்கிறா. "அந்த மனுசி சிலோனுக்குப் படம் எடுக்க வந்த இடத்திலதான் மூளை குழம்பிப் போனா, அந்த வேசம் உனக்கு வேண்டாம்" என்கிறா. இது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாசன், கொட்டாஞ்சேனை

அம்மம்மா சொன்னதில் பாதி உண்மை. 1953 தொடக்கத்தில் 'எலிஃபன்ட் வாக்' படத்துக்காக விவியன் லீ இலங்கை வந்தார். பீட்டர் பின்ச்தான் கணவனாக நடித்தவர். இங்கே வெளிப்புறக் காட்சிகள் எடுக்கும்போதே அவருக்குச் சுகமில்லாமல் போனது. ஹொலிவூட்டுக்குத் திரும்பிய பிறகு முற்றாக முடியாமல் போய், கணவர் லாரன்ஸ் ஒலிவியர் வந்து இங்கிலாந்துக்குக் கூட்டிப் போனார். அந்த இடத்தில் எலிசபெத் டெய்லர் நடித்து 1954இல் படம் வெளிவந்தது.

படத்தைப் பார்க்கலாம் என்பதுதான் என் கட்சி. 'கோன் வித் த விண்ட்' படத்தையும் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ரீச்சர், பம்பலப்பிட்டி

சுகி பிள்ளை, நான் பாடசாலையில் ஆங்கில இலக்கியமும் நாடகமும் படிப்பித்தவள். விவியன் லீ என்றதும் ஆட்கள் இரண்டே விஷயம் கதைப்பார்கள்: ஒன்று முகம், மற்றது வருத்தம். அந்த மனுசி வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையை ஒருவரும் கதைப்பதில்லை. உங்கள் மூன்று கவலைக்கும் மருந்து அந்த வேலைக்குள்தான் இருக்கிறது.

முதலில் குரல். 1935 மே மாதம் லண்டன் அம்பாசடர்ஸ் அரங்கில் 'த மாஸ்க் ஒஃப் வெர்ச்சூ' நாடகம் வந்தது. அவருக்கு 21 வயது. விடிந்ததும் பத்திரிகையெல்லாம் அவர் பேர்தான். கூட்டம் அலைமோதியதால் நாடகத்தை அதைவிடப் பெரிய சென்ட் ஜேம்ஸ் அரங்குக்கு மாற்றினார்கள். அங்கே குரல் எடுபடவில்லை, பார்க்க வந்தவர்கள் குறைந்தார்கள், நாடகம் நின்றுபோனது. ஊரே கொண்டாடிய புதுமுகத்துக்கு அதே ஆண்டில் கிடைத்த அடி இது. வேறு யாராவது என்றால், அழகு இருக்கிறதே என்று சினிமாவோடு நின்றிருப்பார்கள். அவர் குரலுக்குப் பாடுபட்டார். 1949இல் லண்டன் ஆல்ட்விச் அரங்கில் பிளான்சாக நின்றபோது அந்த நாடகம் 326 தடவை போனது. பிளான்ச் மேடையைவிட்டு இறங்குவதே அரிது என்று உங்களுக்கே தெரியும். அத்தனை தடவையும் அந்த நீண்ட பேச்சுகளைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தவர், ஒருகாலத்தில் குரல் போதாது என்று நின்ற அதே பிள்ளைதான். விமர்சகர்கள் குரலைக் குறை சொல்வதைக் கடைசிவரை விடவில்லை, அதுவும் உண்மை. ஆனால் அவரும் மேடையை விடவில்லை.

அந்த சென்ட் ஜேம்ஸ் அரங்கை 1957இல் இடிக்கப் போனபோது தெருவில் இறங்கி எதிர்த்தவரும் இவர்தான். ஜூலை மாதம் பிரபுக்கள் சபையில் பார்வையாளர் பகுதியில் இருந்தவர் எழுந்து, விவாதத்தின் நடுவே குரல் கொடுத்தார். வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அரங்கும் போய்விட்டது. தன் குரல் எடுபடாமல் போன இடத்துக்காகச் சபை நடுவே குரல் எழுப்பியவர். இதை நினைக்கிற நேரமெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

அடுத்தது பேச்சு. இதில் நீங்கள் பயப்படவே தேவையில்லை. அவர் பிறந்தது டார்ஜிலிங்கில், 1913 நவம்பர் 5ஆம் திகதி. மூன்று வயதில், தாயாரின் நாடகக் குழுவுக்காக ஒரு குழந்தைப் பாட்டை ஒப்புவித்ததுதான் முதல் மேடை. அப்போது தாயும் மகளும் ஊட்டியில் இருந்தார்கள், ஆமாம், நம் ஊட்டியேதான். ஆறு வயதில் லண்டனில் கன்னியர் மடத்துப் பாடசாலையில் கொண்டுபோய் விட்டார்கள். அப்படி வளர்ந்த ஒருத்தி இரண்டு தடவை ஒஸ்கார் வாங்கினார். இரண்டுமே அமெரிக்கத் தெற்குப் பெண்களாக நடித்ததற்கு. 'கோன் வித் த விண்ட்' படத்து ஸ்கார்லட் ஓஹாராவும் பிளான்ச்சும் பேசுகிற பேச்சு அவர் வீட்டில் ஒருவரும் பேசாதது. பாடுபட்டுப் பழகிக்கொண்டார். வேற்று ஊர்ப் பேச்சைக் காது கொடுத்துப் பழகியவளிடம் ஒரு கவனம் இருக்கும். பிளான்சும் ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் போடுகிறவள்தானே? அந்தக் கவனம் உங்களுக்கு இடைஞ்சல் இல்லை, உதவி.

ஒரு வேலை செய்யுங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த வயதான அம்மா ஒருவரிடம் போய் இருங்கள். வெள்ளவத்தையில் அப்படி எத்தனையோ பேர். விட்டுவந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள். கிணற்றடி, முற்றம், தலைவாசல், பின்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவா. சொற்களைவிட, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறா, எதைச் சொல்லும்போது கதையை மாற்றுகிறா என்று பாருங்கள். உங்கள் நாடகத்துக்குத் தேவையானது அங்கே இருக்கிறது.

இனிப் படம். பார்க்கலாம், ஆனால் அதில் தொடங்க வேண்டாம். முதலில் 1940இல் வந்த 'வாட்டர்லூ பிரிட்ஜ்' பாருங்கள். காதலன் போரில் செத்துவிட்டான் என்று நம்பி, வறுமையில் உடலை விற்கிற நிலைக்கு வந்துவிட்ட பெண்ணாக வருவார். போர்முனையிலிருந்து திரும்பும் சிப்பாய்களைத் தேடி ரயில் நிலையத்தில் நிற்பார். வருகிறவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு, அந்தத் தொழிலுக்கென்று பழகிய சிரிப்பு. அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து காதலன் உயிரோடு வருகிறான். கெமரா அவர் முகத்தில்தான் நிற்கும். அந்தச் சிரிப்பு போக இடமில்லாமல் அப்படியே நின்று, கண் முதலில் மாறி, பிறகுதான் வாய் மாறும். சந்தோஷமும் வெட்கமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒரு நடிகை எதை எப்போது முகத்துக்கு விடுகிறாள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பிளான்ச் படத்தை, உங்கள் ஒத்திகையில் நடமாட்டமெல்லாம் முடிவாகிய பிறகு பாருங்கள். முந்திப் பார்த்தால் அவருடைய கை உங்கள் கையில் ஒட்டிக்கொள்ளும்.

மலைநாட்டான், கொழும்பு 13

ரீச்சர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ஊட்டி கதை எனக்குப் புதிது.

'எலிஃபன்ட் வாக்' பற்றி ஒரு சொல். எங்கள் குடும்பம் தோட்டத்திலிருந்து வந்தது, அதனால் இந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். யானைகள் வழக்கமாகப் போகும் வழியை மறித்து துரை பங்களா கட்டியிருக்கும். இங்கிலாந்திலிருந்து புதுசாகக் கல்யாணமாகி வரும் துரைசானி அந்த வீட்டுக்குள் மூச்சு முட்டி நிற்பார். பிறகு கொலரா வரும், கடைசியில் யானைகள் பங்களாவை உடைத்துக்கொண்டு போகும். தோட்டத்துச் சனம் அந்தக் கதைக்குள் கூட்டமாக மட்டுமே வருகிறது. கொலராவில் சாகிறவர்களும் கூட்டமாகத்தான் சாகிறார்கள். என் தாத்தா பாட்டியின் வாழ்க்கையை அப்படித் தூரத்திலிருந்து காட்டியது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

ஆனால் சுகி அக்கா, ஒன்றைக் கவனியுங்கள். இலங்கையில் எடுத்த தூரக் காட்சிகள் சிலவற்றில் இருப்பது விவியன் லீதான். திரும்ப வந்து எடுக்க வழியில்லாததால் அப்படியே விட்டுவிட்டார்கள். முகம் தெரியாது. கிட்ட வரும் காட்சிகளில் எலிசபெத் டெய்லர் இருப்பார்.

வாசன், கொட்டாஞ்சேனை

ரீச்சர், நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. பிளான்ச் வேடம்தான் தன்னைத் தள்ளிவிட்டது என்ற கருத்தில் விவியன் லீயே பின்னாளில் கதைத்திருக்கிறார் அல்லவா? அப்படியென்றால் அம்மம்மாவின் பயத்தை லேசாகத் தள்ளலாமா?

ஓய்வுபெற்ற ரீச்சர், பம்பலப்பிட்டி

தம்பி, அம்மம்மாவின் பயத்தை நான் தள்ளவில்லை. பேத்திமேல் உள்ள பாசத்தில் சொல்கிறா. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அவருக்கு இருந்தது இன்று இருமுனைய மனநிலைக் கோளாறு என்று சொல்லும் நோய். சில காலம் தலைகால் தெரியாத வேகம், சில காலம் எழும்ப முடியாத சோர்வு. 'சீசர் அண்ட் கிளியோபாட்ரா' எடுக்கும் நாளில் கருச்சிதைவு ஏற்பட்டு, மனம் மோசமாக விழுந்தது. அது 1940களின் நடுவில். அதே காலத்தில்தான் காசநோயும் பிடித்தது. பிளான்ச் வேடம் வந்தது 1949இல், இலங்கை வந்தது 1953இல். நோய் இரண்டுக்கும் முந்தியது. வருத்தத்தோடு இருக்கிற ஒருவர், அந்த வேடம் தன்னை வாட்டியது என்று சொன்னால் அதை நம்புகிறேன். வேடம்தான் வருத்தத்தைக் கொண்டுவந்தது என்று நாங்கள் சொல்லக்கூடாது. அந்தக் காலத்தில் அவருக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை கொடுத்தார்கள். இப்போது மருந்து உண்டு, கதைக்க ஆட்களும் உண்டு.

எனக்குக் கோபம் வருகிற இடம் எது தெரியுமா? 1953ஓடு அவர் கதையை முடித்துவிடுகிறார்கள். அதே ஆண்டு இறுதியில் லண்டனில் 'த ஸ்லீப்பிங் பிரின்ஸ்' நாடகத்தில் மேடைக்கு வந்துவிட்டார்! 1955இல் ஸ்ட்ராட்போர்டில் ஒரே பருவத்தில் மூன்று ஷேக்ஸ்பியர் நாடகம். 'டைட்டஸ் அன்ட்ரோனிக்கஸ்' நாடகத்தில் நாக்கும் கைகளும் வெட்டப்பட்ட லவீனியாவாக நடித்தார், பீட்டர் புரூக் நெறியாள்கை. இரத்தத்துக்குப் பதிலாகச் சிவப்பு நாடாக்கள் கையிலும் வாயிலும் தொங்கும். குரலே இல்லாத பாத்திரம், குரலுக்காகவே குறை கேட்டவருக்கு. 1957இல் அதே நாடகத்தோடு பரிஸ், வெனிஸ், பெல்கிரேட், வியன்னா, வார்சோ என்று போனார்கள். 1963இல் நியூயோர்க்கில் 'டொவாரிச்' என்ற இசை நாடகத்தில் பாடி ஆடி, அமெரிக்க மேடை நாடகத்துக்கான டோனி விருது வாங்கினார், அது 49 வயதில். 1967 ஜூலையில் காசநோய் திரும்ப வந்து 53 வயதில் இறக்கும்போதும் அடுத்த நாடகத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அன்று மத்திய லண்டன் அரங்குகள் ஒரு மணி நேரம் விளக்கை அணைத்தன.

கல்யாணம், விவாகரத்து, யாரோடு யார் என்பதையெல்லாம் நான் விட்டுவிடுகிறேன். அதற்கு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சுகி, பிளான்ச் படத்தில் ஒரு காட்சியை மட்டும் முந்திச் சொல்கிறேன். பிளான்சைக் கட்ட நினைத்த மிட்ச், பல்பில் இருந்த கடதாசிக் கூட்டைப் பிய்த்தெறிந்து, அவளை வெளிச்சத்துக்குக் கீழே பிடித்து முகத்தைப் பார்க்கிற இடம். விவியன் லீக்கு அப்போது 40 வயதுகூட ஆகவில்லை, உலகமே கொண்டாடிய முகம். அந்த முகத்தைத்தான் கெமராவுக்கு நேரே வைத்து, வாடியதாகக் காட்டச் சம்மதித்தார். தன்னைப் பாதுகாக்காமல் நடித்தார். இது வருத்தத்தால் வருகிறதல்ல. 326 தடவை மேடையில் செய்து, பிறகு இயக்குநர் எலியா கஸானோடு ஆரம்பத்தில் முரண்பட்டு, மெல்ல மெல்ல அவர் கேட்டதையும் சேர்த்துச் செய்த வேலை.

சுகி, வெள்ளவத்தை

ரீச்சர், இதையெல்லாம் இரவு அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். டோனி விருது வாங்கிய இடத்தில் "அப்ப சுகமாகித்தானே இருந்திருக்கிறா" என்றா. வேடத்தை விடச் சொல்லவில்லை, ஆனால் ஒத்திகை முடிந்து வர ஆட்டோவுக்குத் தனியாக நிற்காதே என்று சொன்னா.

ஒரு சந்தேகம். எங்கள் பிரதியில் கடைசிக் காட்சி நாடகத்தைப் போலவா, படத்தைப் போலவா என்று குழுவில் வாக்குவாதம். இரண்டும் வேறா?

ஓய்வுபெற்ற ரீச்சர், பம்பலப்பிட்டி

வேறுதான். படத்தில் தணிக்கைக்காக, தங்கை கணவனைவிட்டுப் போவதுபோல முடிப்பார்கள். நாடகத்தில் அவள் அவனோடேயே இருக்கிறாள். பிளான்சின் கணவன் ஏன் செத்தான் என்பதையும் படத்தில் மழுப்பியிருப்பார்கள். நாடகப் பிரதியைப் பிடியுங்கள். தங்கை இருந்துவிடுகிறாள் என்று தெரிந்துகொண்டு நீங்கள் வெளியே நடந்தால், நடையே வேறாக இருக்கும்.

நெறியாளர் கடைசி வரிசையில் இருப்பது நல்லது. அவரை அங்கேயே இருக்கச் சொல்லுங்கள். கத்த வேண்டாம், வசனத்தின் கடைசிச் சொல்லை விழ விடாதீர்கள். எங்கள் தமிழில் வினை கடைசியில் வரும், அது கேட்காவிட்டால் வசனமே போச்சு. திகதி முடிவானதும் இங்கே போடுங்கள், நான் கடைசி வரிசைக்கே ரிக்கெட் எடுக்கிறேன்.