கேமரா செருகினா புதுசா ஒரு நெட்வொர்க் வருது – அவசரம்

கொல்லிமலை ரைடர் | காலை 10:14
வணக்கம் நண்பர்களே. 11 மணிக்கு மீட்டிங், அதுக்குள்ள யாராவது சொல்லுங்க ப்ளீஸ். கேமராவ லேப்டாப்ல செருகுன உடனே புதுசா ஒரு நெட்வொர்க் வந்து நிக்குது. நான் எதுவும் இன்ஸ்டால் பண்ணல. ஃபயர்வால் லாக்ல பாத்தா 172.2ல ஆரம்பிக்கிற ஒரு ஐபிக்கு வரிசையா கனெக்‌ஷன், அது போக 239.255.255.250னு இன்னொண்ணு. கேமராவ கழட்டுனா எல்லாம் நின்னுடுது. ஹேக் ஆயிடுச்சா? வீடியோவ எங்கயாவது அனுப்புதா?

பரிமளா_நெட் | 10:19
என்ன கேமரா? வெப்கேமா, டிஎஸ்எல்ஆரா, கேப்சர் கார்டா? விண்டோஸா, மேக்கா? யூஎஸ்பி கேபிளா, ஹப் வழியா போட்டிருக்கீங்களா? சில ஹப்ல லேன் போர்ட்டும் இருக்கும், அதுவே புது நெட்வொர்க்னு காட்டும். 172.2க்கு அப்புறம் மீதி எண் எங்க?

சும்மா_சுரேஷ் | 10:21
சீன கேமராவா இருக்கும் ப்ரோ. வேற யோசனையே வேண்டாம், கேமராவ தூக்கிப் போட்டுட்டு லேப்டாப்ப ஃபார்மட் பண்ணிடுங்க.

கேபிள் கணேசன் | 10:24
எச்டிஎம்ஐ கேபிள்லயா போட்டிருக்கீங்க? பலருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு சொல்றேன். எச்டிஎம்ஐ 1.4ல இருந்து அந்தக் கேபிளுக்குள்ளயே ஈதர்நெட் போகும். 2009லயே வந்துடுச்சு, 100 எம்பிபிஎஸ் வேகம். உங்க கேமரா அது வழியாத்தான் நெட் எடுக்குது. சந்தேகமே இல்ல.

ரூட்மாமா | 10:29
கேள்வி கேக்கவும் ஒரு முறை இருக்கு தம்பி. ஓஎஸ் சொல்லல, மாடல் சொல்லல, லாக் ஒட்டல, "அவசரம்"னு மட்டும் தலைப்புல வந்துடுச்சு. டாக்டர்கிட்ட ஃபோன் போட்டு "வலிக்குது, மாத்திரை சொல்லுங்க"ன்னா அவர் எந்த இடம்னு கேக்க மாட்டாரா? நான் இங்க பதில் எழுத ஆரம்பிச்ச காலத்துல ஐபிகான்ஃபிக் (நெட்வொர்க் விவரம் காட்டுற கமாண்ட்) அவுட்புட் ஒட்டாம ஒருத்தரும் கேள்வி போட மாட்டாங்க.

பரிமளா_நெட் | 10:33
கணேசன் அண்ணே, அந்த ஈதர்நெட் சேனல் ஸ்டாண்டர்ட்ல எழுதியிருக்கு, வாஸ்தவம்தான். ஆனா அத வேலை செய்யுற மாதிரி பொருள்ல வச்சவங்க ரொம்பக் கொஞ்சம். கேபிள் அட்டையில "வித் ஈதர்நெட்"னு போட்டிருந்தா மட்டும் போதாது, ரெண்டு முனையில இருக்குற மெஷினும் அதுக்குத் தயாரா இருக்கணும். அதோட லேப்டாப் எச்டிஎம்ஐ பெரும்பாலும் வெளிய அனுப்பத்தான், உள்ள வாங்க இல்ல. கேமராவ அதுல செருகி ஒண்ணும் வராது.

கேபிள் கணேசன் | 10:36
எங்க கடையில விக்கிற எல்லா கேபிள்லயும் "வித் ஈதர்நெட்"னு போட்டிருக்கே மேடம். சும்மாவா போடுவான்?

கொல்லிமலை ரைடர் | 10:38
சாரி. விண்டோஸ் 11. யூஎஸ்பி சி கேபிள், நேரா லேப்டாப்ல, ஹப் இல்ல. கேமரா, பைக் ஹெல்மெட்ல மாட்டுற ஆக்‌ஷன் கேமரா. கொல்லிமலை போனப்போ எடுத்த வீடியோவ காப்பி பண்ணத்தான் செருகினேன். ஐபி முழுசா போட பயமா இருக்கு, யாராவது எடுத்து உள்ள வந்துட்டா?

சும்மா_சுரேஷ் | 10:40
172.217னு போட்டு தேடினேன். கலிஃபோர்னியான்னு காட்டுது!! கூகுளோட சர்வராம். ப்ரோ உங்க வீடியோ நேரா அமெரிக்கா போகுது.

பாக்கெட் பாண்டி | 10:42
அவர் 172.2னு மட்டும்தான் சொன்னாரு, மீதி 17ஐ நீங்களா சேத்துக்கிட்டீங்க சுரேஷ். 172.217 கூகுளோடதுதான். ஆனா 172.16ல இருந்து 172.31 வரைக்கும் தனியார் முகவரி, அதாவது உள் நெட்வொர்க்குக்கு மட்டும். 1996லயே ஆர்எஃப்சி 1918ங்கிற இன்டர்நெட் விதி ஆவணத்துல ஒதுக்கி வச்சாச்சு. உங்க வீட்டுலயும் அதே எண் இருக்கலாம், எங்க வீட்டுலயும் இருக்கலாம், இன்டர்நெட்டுல அதுக்கு வழியே கிடையாது. அதனால ரைடர், அந்த வரிசையில இருந்தா தாராளமா முழு ஐபியும் இங்க போடுங்க, யாரும் அத வச்சு உள்ள வர முடியாது. என் கணிப்பு டாக்கர் (ப்ரோக்ராம்கள தனித்தனி பெட்டியில ஓட்டுறது) இல்லனா டபிள்யூஎஸ்எல் (விண்டோஸ் உள்ள லினக்ஸ்). ரெண்டும் பெரும்பாலும் 172 வரிசையிலதான் நெட்வொர்க் போடும். டெவலப்பரா நீங்க?

பரிமளா_நெட் | 10:44
டாக்கர்னா கேமராவ கழட்டுனதும் ஏன் போகணும் பாண்டி?

239.255.255.250ஐ முதல்ல ஒதுக்கி வைங்க. அது எந்த நாட்டு சர்வரும் இல்ல, மல்டிகாஸ்ட், அதாவது ஒரே நேரத்துல பல பேருக்கு அனுப்புற முகவரி. போர்ட் (எந்த சேவைக்குன்னு சொல்ற எண்) 1900ஆ இருக்கும். புதுசா ஒரு நெட்வொர்க் கண்ணுல பட்ட உடனே விண்டோஸும் சில ப்ரவுசரும் "இங்க யாராவது இருக்கீங்களா"ன்னு குரல் கொடுக்கும், அவ்வளவுதான். 224.0.0.251, போர்ட் 5353னு இன்னொண்ணும் லாக்ல இருக்கும் பாருங்க. அதோட ஒவ்வொரு புது நெட்வொர்க்குலயும் இன்டர்நெட் கிடைக்குதான்னு விண்டோஸ் தன்னோட சோதனை முகவரியத் தொட்டுப் பாக்கும். இது எல்லாம் உங்க லேப்டாப் பண்றது, கேமரா இல்ல.

டிவிஆர் தாமஸ் | 10:47
கேமரா ஹேக்னு பேச்சு வந்ததால சொல்றேன், யாரும் லேசா எடுத்துக்காதீங்க. 2016ல மிராய்னு ஒரு மால்வேர் வந்துச்சு ஞாபகம் இருக்கா? கேமரா, டிவிஆர் (சிசிடிவி பதிவுப் பெட்டி), ரவுட்டர்னு கம்பெனி பாஸ்வேர்டு மாத்தாம விட்டதையெல்லாம் டெல்நெட் (தூரத்துல இருந்து உள்ள நுழையுற பழைய வழி) வழியா பிடிச்சு, அக்டோபர் 21 அன்னிக்கு டைன்ங்கிற டிஎன்எஸ் (வெப்சைட் பேர ஐபியா மாத்துற சேவை) கம்பெனி மேல ஏவி விட்டாங்க. ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பல பேருக்குத் திறக்கவே இல்ல. எங்க வீட்டு டிவிஆர்ல 34567னு ஒரு போர்ட் திறந்து கெடக்கு. அத மூடுனா மொபைல்ல வீடியோ வருமா வராதா?

பாக்கெட் பாண்டி | 10:49
ரவுட்டர்ல யூபிஎன்பி (கேக்காமலே போர்ட் திறந்து விடுற வசதி) ஆஃப் பண்ணுங்க தாமஸ் அண்ணே, முதல்ல அது.

சும்மா_சுரேஷ் | 10:50
யூபிஎன்பி ஆஃப் பண்ணா கேம் ஆட முடியாது. யாரும் பண்ணாதீங்க.

பாக்கெட் பாண்டி | 10:51
உங்க கேமுக்காக அவர் வீட்டு வாசல திறந்து வைக்கணுமா? வேணும்ங்கிற போர்ட்ட மட்டும் கையால திறந்துக்கலாமே.

ரூட்மாமா | 10:52
தாமஸ், இது யூஎஸ்பி கேமரா இழை. சிசிடிவிக்கு தனி இழை போடுங்கன்னு எத்தன வருஷமா சொல்றது.

கொல்லிமலை ரைடர் | 10:53
ஐபி 172.24.136.51. போர்ட் 8080. கேமரா கோப்ரோ ஹீரோ 9. டாக்கர்லாம் இல்ல.

பரிமளா_நெட் | 10:55
கேமரா மெனுவுல கேமரா விவரம்ங்கிற இடத்துல சீரியல் நம்பர் இருக்கும். கடைசி மூணு எண் 436தானே?

கொல்லிமலை ரைடர் | 10:57
ஆமா!!! மேடம் எப்படி??? உங்களுக்கே தெரியுதுன்னா அப்ப நெஜமாவே வெளிய போகுதா?

பரிமளா_நெட் | 11:02
பதறாதீங்க, அந்த ஐபிய வச்சு கணக்கு போட்டதுதான். இந்தக் கேமராவ யூஎஸ்பில செருகுனா அது தன்னை ஒரு நெட்வொர்க் கார்டா காட்டிக்கும். ஃபோன்ல யூஎஸ்பி டெத்தரிங் போடுறப்போ வர்ற அதே வகை. டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் அடாப்டர் கீழ ஆர்என்டிஐஎஸ் இல்லனா ரிமோட் என்டிஐஎஸ்னு ஒண்ணு புதுசா முளைச்சிருக்கும். அந்தக் கேபிளுக்குள்ள கேமராவும் லேப்டாப்பும் மட்டும் இருக்குற ஒரு குட்டி நெட்வொர்க் அது.

கேமராவோட முகவரி அதோட சீரியல் நம்பர்ல இருந்து வருது. கடைசி மூணு எண்ணுல முதல் எண் 172.2க்குப் பக்கத்துல போகும், அடுத்த ரெண்டும் 1க்குப் பக்கத்துல, கடைசியில எப்பவும் 51. 436க்கு 172.24.136.51. முதல் எண் 0ல இருந்து 9 வரைக்கும் எதுவா இருந்தாலும் 172.20ல இருந்து 172.29க்குள்ளதான் வரும், பாண்டி சொன்ன தனியார் வரிசையத் தாண்டாது. ரெண்டு கேமராவ ஒரே கம்ப்யூட்டர்ல போட்டா முகவரி பெரும்பாலும் மோதாதுங்கிறது இதுல ஒரு வசதி. போர்ட் 8080ல வர்றது கேமராவக் கட்டுப்படுத்துற எச்டிடிபி. வெப்கேமா பயன்படுத்தினா வீடியோ யூடிபி 8554ல லேப்டாப்புக்கு வரும். நீங்களா இன்டர்நெட் ஷேரிங் போடாத வரைக்கும் இந்த நெட்வொர்க் வழியா கேமராவுக்கு அந்தக் கேபிளத் தாண்டி வழி இல்ல.

ஒரு சந்தேகம். எதுவும் இன்ஸ்டால் பண்ணலன்னீங்க. 8080க்கு வரிசையா போகுதுன்னா லேப்டாப்ல ஏதோ ஒரு ப்ரோக்ராம் கேமராவக் கூப்பிடுது. லாக்ல ப்ராசஸ் பேர் என்ன?

பாக்கெட் பாண்டி | 11:04
டாக்கர் வாபஸ்.

கேபிள் கணேசன் | 11:06
அப்ப கேபிளுக்குள்ள ஈதர்நெட் போகுதுன்னு நான் சொன்னது சரிதானே?

பரிமளா_நெட் | 11:07
கேபிள் வேற அண்ணே.

கொல்லிமலை ரைடர் | 11:09
ப்ராசஸ் பேருல கோப்ரோ வெப்கேம்னு இருக்கு. போன வருஷம் போட்டது, மறந்தே போச்சு. ஆனா ஒண்ணு, கேமரா செருகுனா விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போற பாதுகாப்பான இணைப்பு) கட் ஆகுது. அதனாலதான் ஆபீஸ்ல இருந்து "உங்க மெஷின்ல புது நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் வந்திருக்கு, என்ன அது"ன்னு மெயில் வந்துச்சு. இல்லனா நான் லாக்கே பாத்திருக்க மாட்டேன்.

ரூட்மாமா | 11:12
இதோ வந்துடுச்சு. ஒரு மணி நேரம் ஆளுக்கு ஒரு கத சொன்னதுக்கு அப்புறம் ஆபீஸ் லேப்டாப்னு சொல்றாரு. விபிஎன்னு சொல்றாரு. இத முதல் வரியில எழுதியிருந்தா நாலாவது பதில்லயே முடிஞ்சிருக்கும். சில விபிஎன் க்ளையன்ட் ரூட்டிங் டேபிள்ல (எது எந்த வழியில போகணும்ங்கிற பட்டியல்) ஒரு வரி மாறினாலே இணைப்ப அறுத்துடும், அப்படித்தான் செட் பண்ணியிருப்பாங்க. உங்க ஆபீஸ் உள்ளயும் 172.24 வரிசை இருந்துட்டா இன்னும் கஷ்டம், எது கேமரா எது சர்வர்னு லேப்டாப்புக்கே குழப்பம் வரும். ஆபீஸ் மெஷின்ல சொந்த கேமராவ ஏன் செருகணும்?

பரிமளா_நெட் | 11:15
மாமா கேட்டது கடுசா இருந்தாலும் விபிஎன் காரணம் அதேதான். சரி பண்ண வழி சுலபம். கேமராவுல ப்ரிஃபெரன்சஸ், கனெக்‌ஷன்ஸ், யூஎஸ்பி கனெக்‌ஷன்னு உள்ள போங்க. "கோப்ரோ கனெக்ட்"னு இருக்குறத "எம்டிபி"க்கு மாத்துங்க. கேபிள கழட்டி மறுபடி செருகுங்க. நெட்வொர்க் கார்டு வேஷம் போயிடும், ஃபைல் எடுக்குற சாதனமா மட்டும் வரும். ஆபீஸ் மெயிலுக்கு மறைக்காம இதையே எழுதிடுங்க, அவங்களுக்கு ஆர்என்டிஐஎஸ்னு சொன்னாலே புரியும்.

பாக்கெட் பாண்டி | 11:18
இல்லனா மெமரி கார்ட கழட்டி கார்டு ரீடர்ல போடுங்க. நான் கேமராவ கேபிள்ல செருகுறதே இல்ல. வேகமும் அதிகம், பேட்டரியும் போகாது.

சும்மா_சுரேஷ் | 11:20
கார்ட அடிக்கடி கழட்டுனா ஸ்லாட் லூஸ் ஆயிடும். கேபிள்தான் பெஸ்ட்.

பாக்கெட் பாண்டி | 11:21
இப்பத்தான் கேமராவையே தூக்கிப் போடச் சொன்னீங்க.

கொல்லிமலை ரைடர் | மதியம் 12:40
எம்டிபி போட்டேன். போயிடுச்சு. நன்றி மேடம்.

பரிமளா_நெட் | 12:46
சந்தோஷம். விபிஎன் இப்ப நிக்குதா? பின்னாடி தேடி வர்றவங்களுக்கு உதவும், ஒரு வரி எழுதிட்டுப் போங்க.

டிவிஆர் தாமஸ் | மாலை 6:05
தம்பி போயிட்டாரு போல. யாராச்சும் அந்த 34567க்கு சொல்லுங்களேன். யூபிஎன்பி ஆஃப் பண்ணிட்டேன், மொபைல்ல வீடியோ இன்னும் வருது. அப்ப அது எது வழியா வருது?

பாக்கெட் பாண்டி | 6:31
பீ2பீ வழியா அண்ணே. டிவிஆரே வெளிய இருக்குற ஒரு சர்வரக் கூப்பிட்டு உங்க மொபைலோட சேர்த்து விடுது, போர்ட் திறக்கத் தேவையில்ல. டிவிஆர் மெனுவுல க்ளவுட்னோ பீ2பீன்னோ இருக்கும். புது இழை போடுங்க, மாமா வர்றதுக்குள்ள.