மின்ட்டில் டச் ஸ்கிரீன் வேலை செய்யல, அவசர உதவி

வெயிலோன்: வணக்கம். லேப்டாப்ல லினக்ஸ் மின்ட் போட்டேன். வைஃபை, சவுண்டு எல்லாம் ஓகே. டச் மட்டும் சுத்தமா வரல. விண்டோஸ்ல நல்லாத்தான் இருந்துச்சு. டிரைவர் லிங்க் யாராவது குடுங்க ப்ளீஸ்.

நெல்லைமின்ட்: என்ன லேப்டாப்? மின்ட் 21-ஆ 22-ஆ? கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) எத்தனையாவது பதிப்பு? டெர்மினல்ல யூநேம் -ஆர் அடிங்க.

பிட்டுக்கடை: பயாஸ்ல (லேப்டாப் ஆன் ஆகும்போது வர்ற அடிப்படை செட்டிங்ஸ்) டச் பேனல் டிசேபிள் ஆகியிருக்கலாம். முதல்ல அதைப் பாருங்க.

வெயிலோன்: பயாஸ்ல அப்படி ஒண்ணும் இல்ல ப்ரோ. 10 இன்ச் டூ-இன்-ஒன், கீபோர்டு கழட்டலாம்.

ஆர்ச்_அண்ணாச்சி: தம்பி, கேட்டது மூணு கேள்வி, வந்தது அரை பதில். லினக்ஸ்ல "டிரைவர் லிங்க்"னு தேடுற பழக்கத்தை முதல்ல விடுங்க. பெரும்பாலான டிரைவர் கெர்னலுக்குள்ளயே இருக்கு. டிமெஸ்க் (கெர்னலோட பதிவுகளைக் காட்டுற கட்டளை) பார்க்காம இங்க வந்து கேட்டா ஜோசியம்தான் சொல்ல முடியும்.

நெல்லைமின்ட்: அண்ணாச்சி, புதுசா வந்தவர், விடுங்க. வெயிலோன், ரெண்டு விஷயம் பண்ணுங்க. எல்எஸ்யூஎஸ்பி (யூஎஸ்பி-ல இணைஞ்சதைப் பட்டியல் போடுற கட்டளை) அடிச்சு அதுல டச்னு ஏதாவது வருதான்னு பாருங்க. வரலேன்னா அது பெரும்பாலும் ஐ2சி (போர்டுக்குள்ள சிப்புகளை இணைக்கிற தடம்) வழியா இணைஞ்ச டச். /சிஸ்/பஸ்/ஐ2சி/டிவைசஸ் ஃபோல்டர்ல என்னென்ன பேர் இருக்குன்னு போடுங்க. அப்புறம் சூடோ போட்டு டிமெஸ்க், அதுல "ஃபர்ம்வேர்"னு (சிப்புக்குள்ள ஓடுற மென்பொருள்) வர்ற வரிகள் மட்டும்.

வெயிலோன்: மின்ட் 22, சின்னமன் டெஸ்க்டாப், கெர்னல் 6.8. ஆட்டம் எக்ஸ்5, 4 ஜிபி ரேம். ஃபோல்டர்ல ஐ2சி-எம்எஸ்எஸ்எல்1680:00 னு ஒண்ணு இருக்கு. டிமெஸ்க்ல: சைலீட்_டிஎஸ் ... டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ஃபார் சைலீட்/எம்எஸ்எஸ்எல்1680.எஃப்டபிள்யூ ஃபெய்ல்டு வித் எரர் -2

பிட்டுக்கடை: எக்ஸ்சர்வர்-எக்ஸார்க்-இன்புட்-எவ்டெவ்ங்கிற இன்புட் டிரைவர் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணுங்க, சரியாயிடும்.

நெல்லைமின்ட்: எவ்டெவ் வேண்டாம். கெர்னல் டச் டிவைஸையே உருவாக்கல, மேல எந்த டிரைவர் போட்டும் பிரயோஜனம் இல்ல. எரர் -2ன்னா ஃபைல் இல்லேன்னு அர்த்தம், அவ்வளவுதான். இந்த சைலீட் டச் சிப்புக்குள்ள நிரந்தர மெமரி கிடையாது. ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் ஃபர்ம்வேரை வெளியிலிருந்து ஏத்தணும். விண்டோஸ்ல அது சைலீட்டச்.சிஸ் டிரைவருக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். பழைய விண்டோஸ் பார்ட்டிஷன் இருக்கா?

வெயிலோன்: அழிச்சிட்டேன்.

ஆர்ச்_அண்ணாச்சி: அதானே பார்த்தேன்.

நெல்லைமின்ட்: பரவாயில்ல. தயாரிப்பாளர் தளத்துல விண்டோஸ் டிரைவர் பேக் இருந்தா இறக்குங்க, அதுலயும் அந்த .சிஸ் ஃபைல் இருக்கும். கிட்ஹப்ல ஜிஎஸ்எல்-ஃபர்ம்வேர்னு ஒரு கிடங்கு இருக்கு. அதுல பல மாடலுக்கு எடுத்து வச்ச ஃபைலும் உண்டு, .சிஸ்-லேர்ந்து பிரிச்செடுக்கிற டூலும் உண்டு. கிடைச்சதை எம்எஸ்எஸ்எல்1680.எஃப்டபிள்யூ னு பேர் மாத்தி (எல்லாம் சின்ன எழுத்து) /லிப்/ஃபர்ம்வேர்/சைலீட்/ கீழ போடுங்க. ரீபூட் வேண்டாம், டிரைவரை இறக்கித் திரும்ப ஏத்தினா போதும்: ஆர்எம்மாட் சைலீட், அப்புறம் மாட்ப்ரோப் சைலீட். ஒரே மாடல் பேர்ல ரெண்டு விதமான பேனல் வரும், அதனால ஒரு ஃபைல் சரியா வரலேன்னா அடுத்ததைப் போட்டுப் பாருங்க. டிஎம்ஐடிகோட் கட்டளையில (மிஷினோட விவரம் காட்டும்) மாடல் பேர் என்ன வருது?

வெயிலோன்: "டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்." னு வருது. ஃபைல் போட்டேன், டச் உயிர் வந்துடுச்சு!! ஆனா வலது ஓரத்துல தொட்டா புள்ளி பாதிக்கு முன்னாடியே நிக்குது. கீழ தொட்டா மேலயே இருக்கு.

நெல்லைமின்ட்: எதிர்பார்த்ததுதான். பேர் தெரிஞ்ச மாடல்னா டச்ஸ்கிரீன்_டிஎம்ஐ பட்டியல்லேர்ந்து அளவை கெர்னலே எடுத்துக்கும். உங்களோடது பேரே இல்லாத மிஷின். அளவு சொல்லலேன்னா டிரைவர் 4095னு வச்சுக்கும். இவிடெஸ்ட் (தொடுற இடத்தோட எண்ணைக் காட்டுற டூல்) ஓட்டி, நாலு மூலையும் தொட்டு, எக்ஸ், ஒய் அதிகபட்சம் எவ்வளவு போகுதுன்னு பாருங்க.

வெயிலோன்: எக்ஸ் 1659, ஒய் 875.

தறிக்காரன்: சின்னமன் ஓடுறது எக்ஸ்11-லதானே (திரையைக் கையாளுற பழைய அமைப்பு), எக்ஸ்இன்புட் கட்டளை போதும். கோஆர்டினேட் டிரான்ஸ்ஃபர்மேஷன் மேட்ரிக்ஸ்: 2.47 0 0 0 4.68 0 0 0 1. ஒரே வரி, முடிஞ்சது.

ஆர்ச்_அண்ணாச்சி: லாக் அவுட் பண்ணினா அதுவும் முடிஞ்சது. வேலண்டுல (எக்ஸ்11-க்குப் பதிலா வந்த புது அமைப்பு) எக்ஸ்இன்புட் செல்லாது. ஃபெடோரா 40 கேடிஇ-ல எக்ஸ்11 செஷனை டிஃபால்ட்லேர்ந்தே எடுத்தாச்சு, உபுண்டு 25.10-ல க்னோம் எக்ஸ்11 செஷனே இல்ல. இன்னும் அதையே சொல்லிக் குடுத்துட்டிருக்கீங்க.

தறிக்காரன்: அவர் போட்டது ஃபெடோராவும் இல்ல, உபுண்டு 25.10-உம் இல்ல. மின்ட்ல வேலண்டு இன்னும் சோதனைதான். கேட்டவர் மிஷினுக்குப் பதில் சொல்லுங்க.

ஆர்ச்_அண்ணாச்சி: லாகின் திரையில டச் தப்பா இருக்குமே, அதுக்கு என்ன பண்ணுவீங்க? கணக்கை அடியில திருத்தணும், கூரையில இல்ல.

பிட்டுக்கடை: அது சரி, இந்த ஃபர்ம்வேரை ஏன் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜ்லயே வைக்கல?

நெல்லைமின்ட்: மறுவிநியோகம் பண்ண உரிமம் இல்ல, அதான். எக்ஸ்11 சண்டையை வேற இழையில வச்சுக்கோங்க ரெண்டு பேரும். வெயிலோன், அப்டேட் மேனேஜர்ல வியூ → லினக்ஸ் கெர்னல்ஸ் போய் 6.14 போடுங்க, கீழ சொல்ற ஆப்ஷன் 6.8-ல இல்ல. பிறகு /இடிசி/டிஃபால்ட்/கிரப் (பூட் செட்டிங்ஸ்) ஃபைல்ல கொயட் ஸ்பிளாஷ் பக்கத்துல இதை ஒரே வரியா, இடைவெளி விடாம:

ஐ2சி_டச்ஸ்கிரீன்_ப்ராப்ஸ்=எம்எஸ்எஸ்எல்1680:டச்ஸ்கிரீன்-சைஸ்-எக்ஸ்=1660:டச்ஸ்கிரீன்-சைஸ்-ஒய்=876

அதிகபட்சத்தோட ஒண்ணு கூட்டினதுதான் சைஸ், ஏன்னா எண்ணிக்கை பூஜ்ஜியத்துல தொடங்குது. சூடோ அப்டேட்-கிரப், ரீபூட். அப்பவும் இடது வலது மாறியிருந்தா :டச்ஸ்கிரீன்-இன்வெர்ட்டட்-எக்ஸ் சேருங்க, மேல கீழ மாறியிருந்தா இன்வெர்ட்டட்-ஒய். பக்கவாட்டுல இழுத்தா புள்ளி மேல கீழ போச்சுன்னா :டச்ஸ்கிரீன்-ஸ்வாப்டு-எக்ஸ்-ஒய். இதுக்கெல்லாம் = போட வேண்டாம், பேர் மட்டும் போதும்.

தறிக்காரன்: சரி, இது என்னோடதை விடச் சுத்தம்தான். ஆனா 6.14 போட்டு வைஃபை போச்சுன்னா பூட் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் பழைய 6.8-ஐயே எடுக்கலாம். அதை அழிச்சிடாதீங்க.

வெயிலோன்: சரியாயிடுச்சு. இன்வெர்ட்டட்-ஒய் மட்டும் சேர்க்க வேண்டியிருந்துச்சு. நன்றி எல்லாருக்கும்.

நெல்லைமின்ட்: மகிழ்ச்சி. கிடங்குல எந்த ஃபைல் ஒத்துப்போச்சு? சொன்னா அடுத்தவருக்கு உதவும்.

காவிரிக்கரை: எனக்கும் டச் வரல. மேல சொன்னதை அப்படியே பண்ணிட்டேன், ஒண்ணும் மாறல. என்னோடதுல ஜிடிஐஎக்ஸ்1001 னு காட்டுது.

ஆர்ச்_அண்ணாச்சி: அது கூடிக்ஸ் சிப். சைலீட் ஃபர்ம்வேர் அதுக்கு எதுக்கு? புது இழை போடுங்க. மாடல், கெர்னல், டிமெஸ்க் மூணையும் முதல் பதிவுலயே போட்டுட்டு.

நெல்லைமின்ட்: வெயிலோன், ஃபைல் பேர்?